கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று

கங்கம்மா பயப்படாத பொருள் என்று இந்த மயிலாப்பூரில் ஒன்றும் கிடையாது. பல்லி, காஸ் சிலிண்டர், போலீஸ்காரர், காக்கா தலையில் தட்டுவது, வாசலில் யாராவது பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவது, எல்லாமே அவளுக்குப் பயம்தான். லிஃப்டைக் கண்டால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியைத்தான் எங்கள் வாசகசாலையின் சாவியைக் கொடுத்துக் காவல் வைத்திருக்கிறோம்.

நான் ஆஷா, அங்கே நூலகர். நான் வேலைக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே கங்கம்மா அங்கே இருக்கிறாள். கூட்டிப் பெருக்குவாள், கதவு ஜன்னல் பூட்டுவாள், பின்கட்டில் இருக்கும் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம். செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்தரமும். இடிக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பழைய கட்டடங்களில் அதுவும் ஒன்று. இடிக்கக் கூடாது என்று நம்மிடம் சொன்னார்கள் சரி, விழக் கூடாது என்று கட்டடத்திடம் யார் சொல்வது?

கங்கம்மா பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். கைக்குழந்தையாக இருந்த தங்கச்சி மேகலாவை இவள்தான் வளர்த்தாள். இவளைக் கட்டிக்கொண்ட பெயிண்டர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. ஆற்றங்கரையைக் காலி செய்து எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது, மேகலாவுக்கு அங்கேயே வேலு என்ற பையனைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தாள். வீடு எட்டாவது மாடி. லிஃப்டில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டு இவள் மட்டும் எங்கள் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதையும் பயத்தில் செய்தாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேகலாவுக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். அம்மா வீடு என்று சொல்ல அவளுக்கு வேறு இடம் ஏது? ஆஸ்பத்திரியும் இங்கிருந்துதான் பக்கம்.

அந்த வாரம்தான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற கீர்த்தி என்ற பெண்ணை நான் வரவழைத்திருந்தேன். பின்பக்கச் சுவரில் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால், கைப்பிடிச் சுவரின் மூலையில், சரியாகக் கங்கம்மாவின் அறைக்கும் குழாயடிக்கும் மேலே, ஓர் அரசங்கன்று. கன்று என்று சொல்வது மரியாதைக்கு. தண்டு என் மணிக்கட்டு கனம் இருந்தது. அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, பழைய ரவிக்கைத் துணியில் ஒரு சின்னத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

கீர்த்தி தொட்டிலைத் தொடாமல் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "வேர் உள்ள போயிடுச்சு மேடம். சுண்ணாம்பை எல்லாம் தின்னுட்டு கல்லை நெம்பிக்கிட்டிருக்கு. இலையைக் கிள்ளினா வேர் இன்னும்தான் தடிக்கும். தண்டை அடியோட வெட்டி, வேருக்கு மருந்து வெச்சு, அது செத்த பிறகுதான் சுவரைக் கட்டணும். மழைக்கு முன்னாடி பண்ணிடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கோடையில இந்த மாடியில புல்லு கூட காஞ்சிருக்கும். இது மட்டும் எப்படிப் பச்சைப் பசேல்னு இருக்கு? யாரோ தண்ணி ஊத்தறாங்க."

கங்கம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கீர்த்தி கீழே இறங்கிப் போன பிறகு வெளியே வந்தாள்.

"நாந்தாம்மா ஊத்துனேன். மேகலாவுக்கு ரெண்டாவதும் போச்சே, அப்போ இங்க பெருக்கசொல்ல பாத்தேன். சுவத்துல ரெண்டே எலை. யாரும் நடல, தானா வந்துகீது. சாமி இல்லாம இன்னா? சுத்தி வரணும்னா மதிலு அந்தாண்ட கீழ வுழுந்துருவேன். அதான் நின்ன எடத்துலயே சுத்திக்குவேன். ஒரு மக்கு தண்ணி ஊத்துவேன். அப்பால அவளுக்கு நாள் தள்ளிப்போச்சு."

"கட்டடத்தைப் பாத்துக்கத்தானே உன்னை வெச்சிருக்கு? நீ கட்டடத்தைத் தின்கிறதுக்குத் தண்ணி ஊத்தியிருக்க" என்று கத்திவிட்டேன். அவள் நின்ற இடத்திலேயே கைகூப்பிவிட்டு இறங்கிப் போனாள்.

கமிட்டி கூடியது. எங்கள் செயலாளர் பாரத் சார் நல்ல மனுஷர்தான். "வெட்டறதுல தப்பே இல்லே. யார் வெட்டறதுங்கறதுதான். எங்காத்துல பேத்திக்கு இப்பத்தான் வரன் பார்த்துண்டிருக்கோம்" என்றார். அரசை வெட்டிய கைக்கு வம்சம் தழைக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும். ஒருத்தருக்கு மருமகள் முழுகாமல் இருந்தாள், ஒருத்தருக்குப் பேரனுக்கு ஆஸ்துமா. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் இருக்கிறான். நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு யோசனை தோன்றியது. சுண்ணாம்பு வேலைக்குப் பேசி வைத்திருந்த மேஸ்திரி ஃபராஸைக் கூப்பிடலாம். அவருக்கு அரசாவது ஆலாவது. ஃபராஸும் வந்தார், உளி சுத்தியலோடு மாடி ஏறினார், தொட்டிலைப் பார்த்தார், அப்படியே இறங்கிவிட்டார்.

"உங்களுக்கென்ன பாய்?" என்றேன்.

"நான் பாயின்னு மரத்துக்குத் தெரியுமா மேடம்? என் வீட்டுலயும் ஆறாம் மாசம். ஹமீதுன்னிசாவுக்குத் தெரிஞ்சா வூட்டுக்குள்ளயே சேக்கமாட்டா. யாராச்சும் வெட்டிப் போட்டுட்டுக் கூப்புடுங்க, சுவத்தை இரும்பு மாதிரி கட்டித் தர்றேன்."

கடைசியில் கமிட்டிக்காரர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: "கங்கம்மா வெட்டட்டுமே. அவளுக்குத்தான் புள்ளை குட்டி இல்லையே."

கங்கம்மா அப்போது எங்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதரின் தலையில் டீயைக் கொட்டலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவளோ அவருக்கும் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, "புள்ள பொறந்தவுட்டு வெட்டறேன் சார். அதுவரிக்கும் வுட்டுடுங்க" என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒத்திவைப்பதென்றால் எங்கள் கமிட்டிக்குக் கசக்குமா?

கீர்த்தி போனில் திட்டினாள். மழை வருகிறது, அந்த மூலைக்குக் கீழே யாரையும் இருக்கவிடாதீர்கள் என்றாள். மேகலாவை ஆழ்வார்பேட்டையில் என் வீட்டுக்கு அனுப்பு என்று கங்கம்மாவிடம் கேட்டேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "சாமி இங்க மேல நின்னு பாத்துகினுகீது. அத்த வுட்டு எங்க அனுப்ப?" என்றாள். மேகலா சிரித்தாள். "அக்கா தெருவுல நாய் கொலைச்சாலே என்னை உள்ள இட்டுகினு வந்துடும் மேடம். சுவரு வுழற மாதிரி இருந்தா வுடுமா?"

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக வண்டிகளைத் திருப்பிவிட்டதால் எங்கள் தெருவில் லாரி, பஸ் எல்லாம் உறுமிக்கொண்டு போகும். புத்தகம் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் காது பின்பக்கமே இருக்கும். சுவரில் விரிசல் நீண்டு அறையின் ஜன்னல் வரை வந்துவிட்டது. கங்கம்மாவும் அதைப் பார்த்தாள். மழையில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை இல்லை. ஆனாலும் நனைந்துகொண்டு மாடிக்குப் போய்வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் நான் வந்தபோது மழை விட்டிருந்தது. பின்கட்டில் மேகலா குழாயடியில் குடத்தை வைத்திருந்தாள். தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. நின்று நின்று கால் கடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறை வாசல் வரை வந்தாள். அவ்வளவுதான். பின்னால் தடாரென்று விழுந்தது.

தூசி இல்லை, எல்லாம் ஈரம். அம்மிக்கல் அளவுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு கட்டி, அதில் நரம்பு நரம்பாக வேர். குடம் அதற்கு அடியில் சப்பையாகக் கிடந்தது.

மேகலா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அறைக்குள்ளிருந்து ஓடிவந்த கங்கம்மா குடத்தைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்து, "அசையுதா?" என்றாள்.

"தெரிலக்கா."

"அசையுதா பாருடீ."

"தெரிலக்கா. ஒண்ணியும் தெரில."

நான் ஆட்டோ பிடிக்கப் போனை எடுத்தேன். எண் தப்புத் தப்பாகப் போனது. கங்கம்மா முழங்காலிட்டு வயிற்றில் காதை வைத்துக்கொண்டாள். மேலே சுவரிலிருந்து மண் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தது. அப்புறம் மேகலா, "தோ, ஒதைக்குது" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

அவளை முன்கூடத்துக்கு அழைத்துப்போய் பெஞ்சில் படுக்கவைத்தோம். திரும்பிப் பார்த்தால் கங்கம்மாவைக் காணோம். தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன். தடுக்கவா, துணைக்கா என்று எனக்கே தெரியாது.

அவள் முதலில் தொட்டிலை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மரத்தைப் பார்த்து, கடைக்காரரிடம் நியாயம் கேட்கிற மாதிரி பேசினாள்.

"நீதான் குடுத்த. இல்லேன்னு சொல்லல. நீயே எடுக்கப் பாத்தா நான் இன்னா பண்ணுவேன்? வெட்டறது என் கை. எதுனா பண்ணணும்னா எனக்குப் பண்ணு. அவ ஒண்ணியும் பண்ணல. வயித்துல கீறது ஒண்ணியும் பண்ணல."

சுவர் ஓரம் எட்டிக் குனிய வேண்டியிருந்தது. நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது வெட்டில் வெள்ளையாகப் பால் வந்து அவள் விரல்களில் வழிந்தது. அதைப் பார்த்ததும் அவள் "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் வெட்டுகிறேன், கத்தியைக் கொடு என்றேன். உனக்குப் பையன் கீறான், நீ புடிச்சுக்கினா போதும் என்றாள். மிச்சத்தையும் அவளே வெட்டினாள்.

அன்றைக்கே கீர்த்தி வந்து வேரில் மருந்து வைத்தாள், தளர்ந்த கல்லையெல்லாம் எடுக்கச் சொல்லி முட்டுக் கொடுத்தாள். வேர் செத்த பிறகு ஃபராஸ் சொன்ன சொல் தவறாமல் கட்டிக்கொடுத்தார். மேகலா முன்கூடத்திலேயே, நூல் அலமாரிகளுக்கு நடுவே, பாய் போட்டுத் தங்கினாள். கமிட்டியில் யாருக்கும் அதை வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

கங்கம்மா மட்டும் மாறிப்போனாள். முன்பு தங்கச்சிக்குச் சோறு பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பாள். இப்போது தட்டில் போட்டுத் தள்ளி வைத்தாள். தலை வாரிவிடவில்லை. ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மேகலா சொன்னாள். நான் சமாதானம் சொல்லலாம் என்று போவேன், போய் நானும் மேகலாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பேன். படித்தவள் என்று பேர்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "யாரும்மா பெரியம்மா? வாங்கிக்கங்க" என்று நீட்டினாள். கங்கம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆஷாம்மா, நீ வாங்கிக்க" என்றாள். வேலுவுக்குக் கோபம். பெண் குழந்தை என்பதால் முகம் சுளிக்கிறாள் என்று நினைத்துவிட்டான். மேகலாவுக்குத் தெரியும். "அக்கா, நீ வெட்டலேன்னா நானும் இதுவும் அந்தச் சுவத்துக்கடியில கெடந்திருப்போம்" என்றாள். "சரி" என்றாள் கங்கம்மா. கையை முன்னால் கொண்டுவரவில்லை.

பின்கட்டு அறைக்கே எல்லோரும் திரும்பினார்கள். கங்கம்மா துணி துவைத்தாள், வெந்நீர் வைத்தாள், பத்தியச் சோறு ஆக்கினாள், தூளியைக் கயிறு கட்டி எட்ட நின்று ஆட்டினாள். குழந்தை மேல் மட்டும் விரல் படவில்லை.

ஒரு மத்தியானம் நான் போனபோது மேகலா குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. கங்கம்மா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அழுகை நிற்கவில்லை. என்னைக் கண்டதும், "ஆஷாம்மா, கொஞ்சம் தூக்கேன்" என்றாள்.

"நான் தூக்கமாட்டேன். நீ தூக்கு."

"இந்தக் கையாலயா?"

"அந்தக் கையாலதான்."

"எதுனா ஆச்சுன்னா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கும் பயமாக இருந்தது. குழந்தை நீலம் பாரிக்க அழுதுகொண்டிருந்தது. கங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை சுற்றிக்கொண்டாள். சூடான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவது போல, அப்படிச் சுற்றிய கைகளால் குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அது குப்புறக் கவிழ்கிறது. பெரியம்மாவைக் கண்டால் கையை நீட்டுகிறது. அவள் ஓடிவருகிறாள், வந்து நின்று முதலில் தலைப்பைச் சுற்றிக்கொள்கிறாள், அப்புறம்தான் தூக்குகிறாள்.