பிரேக் மேடத்தின் தெய்வங்கள்

கார்க் கதவைச் சாத்தியதும் முதல் வேலையாக டேஷ்போர்டின் முன்பெட்டியைத் திறப்பார். உள்ளே எதையும் தேடமாட்டார், உடனே மூடிவிடுவார். இருக்கையை ஒரு பல் முன்னே இழுப்பார். தெருமுனை வருவதற்குள் அதே பல் பின்னே போயிருக்கும். ஜன்னலை இறக்குவார், தூசி என்று ஏற்றுவார், புழுக்கம் என்று மறுபடி இறக்குவார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் மாணவரிடம் "பதட்டமே வேணாம், நிதானமா போங்க" என்று அவர் சொல்லும்போது அவருடைய முழங்கால் தையல் மிஷின் போல அடித்துக்கொண்டிருக்கும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பிரேக் மேடம் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, காரணம் எல்லாருக்கும் தெரியும். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் பயிற்றுநரின் காலடியில். முதல் பிரேக்கின் ரப்பர் இன்னும் புதுக்கருக்கு மாறாமல் வரிவரியாக இருக்கிறது. மேடத்தின் பிரேக்கில் ரப்பரே இல்லை, தகரம் பளபளக்கிறது. இந்தக் காரை இத்தனை காலம் நிறுத்தியது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டின் மேல் ஏதாவது ஒரு சாமி உட்கார்ந்திருக்கும். மேடத்தின் காரில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. பக்தி இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. வெளிலயும் ஒட்டினா இடம் பத்தாது" என்கிறார். உள்ளே என்றால் காருக்குள் அல்ல, ஓட்டுகிறவருக்குள்.

அவருடைய பாடத்திட்டம் முழுவதும் இப்படித்தான். கிளச் என்றால் பிள்ளையார். "அவ்வளவு பெரிய உடம்பு, எலி மேல எப்படி உக்காந்தாரு? எலிங்கிறது நம்ம மனசுங்க. எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கும், எங்கயாவது ஓடும். அதை அவர் அடிக்கல, விரட்டல. மெதுவா மேல உக்காந்துட்டாரு. நீங்களும் அப்படித்தான் காலை எடுக்கணும். மெதுவா... மெதுவா... போச்சு, எலி செத்துப்போச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஆறுமுகம் என்பது கவனம். மூன்று கண்ணாடிகள், இரண்டு பக்கத்து ஜன்னல்கள், முன்கண்ணாடி என்று விரல் மடக்கிக் கணக்குக் காட்டுவார். ஒரு முகத்தோடு வந்தவர் ஆறு முகத்தோடு வெளியே போகவேண்டும் என்பது பயிற்சியின் நோக்கம். ஹாரனில் இருப்பவள் காளி. "அவ வேணும். அவ இல்லன்னா ஏறி மிதிச்சுட்டுப் போயிடுவானுங்க. ஆனா வண்டிய அவகிட்டக் குடுத்துடக் கூடாது." சனி எங்கோ வானத்தில் இல்லை. சிக்னலில் நிற்கும்போது 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று நமக்குள்ளே கேட்கிறானே, அவன்தான்.

இந்தச் சித்தாந்தத்தில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை கவனமாக இருந்த முருகன் செவ்வாய்க்கிழமை இளமை வேகமாகிவிட்டார். நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்று கேட்டேன். "நேத்து ரோடு ஈரம்" என்றார். உள்ளேதான் எல்லாரும் என்று சொல்லும் இதே வாய் ஒவ்வொரு சந்திப்பிலும் "முருகா" என்று முணுமுணுக்கிறது. உள்ளே இருப்பவரை எதற்குக் கூப்பிட வேண்டும்?

"உள்ள இருக்கிறவங்க தூங்கமாட்டாங்களா?" என்றார் அதற்கும்.

பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மாணவர்களுக்கு ஒரே வகுப்பு. ஒருவர் ஓட்டினால் மற்றவர் பின்னால் உட்கார்ந்து அவருடைய தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் மேடத்தின் சொந்த அக்கா. தலை முழுக்க நரைத்த நர்ஸ். ஆஸ்பத்திரி வேலை முடிந்து, இப்போது நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் கட்டு மாற்றும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. வீடு வீடாகப் போக கார் ஓட்டத் தெரிய வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

அக்கா நன்றாகவே ஓட்டுவார். என்னைவிட நன்றாக என்பது பெரிய பாராட்டு அல்ல, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். இருந்தும் இரண்டு முறை தேர்வில் தோற்றுவிட்டார். இங்கே தேர்வு அதிகாரி பின்னால் உட்காருவார், பயிற்றுநர் வழக்கம்போல முன்னால். பயிற்றுநர் தன் பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டுக்குள் ஒரு பஸ்ஸர் கத்தும். கத்தினால் தேர்வு அத்தோடு முடிந்தது, யார் மேல் தப்பு என்ற விசாரணை கிடையாது. இரண்டு முறையும் அது கத்தியது. மற்ற மாணவர்களின் தேர்வில் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி இருப்பவர், அக்காவின் தேர்வில் மட்டும் மிதித்துவிடுகிறார். இரண்டாவது முறை அக்காவின் கால் ஏற்கெனவே பிரேக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கையின் கால் முந்திக்கொண்டது. மூன்றாவதும் போனால் அரை வருஷம் காத்திருக்க வேண்டும்.

"நான் பெயிலாகல. இவ காலு பெயிலாச்சு" என்றார் அக்கா, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து. தேர்வுக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு அது. "எல்லா சாமியும் உள்ள இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்றா. இவ கால்ல யாரு இருக்கான்னு கேளுங்க."

"நடராஜர்" என்றார் மேடம் பட்டென்று. "ஊன்றின காலுக்குக் கீழ முயலகன் கிடக்கான். குள்ளமா, முரட்டுத்தனமா. அதுதான் பயம். மிதிச்சு வைக்கலன்னா எழுந்துடுவான்."

"அப்ப தூக்கின கால்?"

மேடம் முன்பெட்டியைத் திறந்தார். மூடினார்.

"அது என்னன்னு எனக்கு இன்னும் பிடிபடல."

"படத்தப் பாத்தா தெரியலியா? நாலு கையில ஒரு கை அந்தக் காலைத்தான் காட்டுது. மிதிச்ச காலை அவரே காட்டலடி. நீதான் காட்டிட்டுத் திரியற."

"அவரு தூக்கினது இடது காலு. எனக்குப் பிரேக் வலது கால்ல."

"ஒரு தடவ கால் மாறியும் ஆடியிருக்காரு. சாக்கு சொல்லாத."

அக்கா தொடர்ந்து ஓட்டினார். சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார், கார் மரியாதையாக நின்றது. பஸ்ஸர் கத்தியது. பயிற்சிதானே என்று அக்கா மறுபடி முதல் கியரைப் போட்டார். சிறிது தூரம் போன பிறகு மேடம் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "சின்ன வயசுல இவ கையப் பிடிச்சாத்தான் நான் ரோட்டையே தாண்டுவேன். விட்டுட்டான்னா அங்கயே நின்னு அழுவேன்." பிறகு ஜன்னலை ஏற்றினார்.

மறுநாள் அக்காவுக்கு அடுத்த தேர்வு என்னுடையது. அதனால் பின் இருக்கையில் அதிகாரிக்குப் பக்கத்தில், அக்காவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து மேடத்தின் காலடி நன்றாகத் தெரியும். அதிகாரி பலகையில் தாளைச் செருகிக்கொண்டிருந்தபோது மேடம் குனிந்து ஷூ இரண்டையும் கழற்றி என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் வச்சுக்கங்க." தகரத்தின் ஜில்லிப்பு வெறுங்காலில் பட்டால் மிதிக்கக் கூடாது என்ற நினைவு வரும் என்று கணக்குப் போட்டிருப்பார் போல.

"குட்டி" என்றார் அக்கா சாவியைத் திருப்பியபடி. நாற்பத்தெட்டு வயதுக்காரியை அப்படிக் கூப்பிட அவர் ஒருவருக்குத்தான் உரிமை. "கைய எங்க வேணாலும் வச்சுக்க. கால மட்டும் வச்சிடாத."

முதல் வளைவு, இரண்டாவது வளைவு, ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்புவது. எலி சாகவில்லை. மேடத்தின் முழங்கால் ஆடியது, கை இருக்கையின் விளிம்பைப் பிறாண்டியது, பாதம் தகரத்துக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் வந்து வந்து போனது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. சந்திப்புகளில் முருகன் கூப்பிடப்படவில்லை.

திரும்பி வரும் வழியில், தேர்வு மைதானத்தின் வாசலுக்குச் சற்று முன்னால், ஒரு கிடங்கிலிருந்து சரக்கு வேன் ஒன்று பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்தது. பார்த்து வரவில்லை, வந்துவிட்டது. மடியிலிருந்த ஷூக்களை இறுக்கிப் பிடித்தேன். மேடத்தின் வலது பாதம் பாய்ந்தது, கண்ணால் பார்த்தேன். பாய்ந்த பாதம் தகரத்தில் இறங்கவில்லை. நடுவழியில் திரும்பி மேலே, முழங்கால் முன்பெட்டியில் இடிக்கும் அளவுக்கு மேலே போய் நின்றது.

கார் நின்றது. அக்காதான் நிறுத்தினார். வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்துபோகலாம். பஸ்ஸர் கத்தவில்லை.

வேன்காரர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அக்கா ஹாரனைத் தொடவே இல்லை. முதல் கியர் போட்டு, கண்ணாடிகளைப் பார்த்து, வாசலுக்குள் திருப்பிக் கோட்டுக்குள் நிறுத்தினார். எஞ்சின் அடங்கியது. அதிகாரி தாளில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, "பாஸ்ம்மா. அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கினார்.

அக்கா பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "போதும்டி குட்டி, இறக்கு."

மேடம் நேராக முன்னால் பார்த்தபடி இல்லை என்று தலையை ஆட்டினார். விரல்கள் மடங்கி, குதிகால் நடுங்க, அந்த வெறுங்கால் அந்தரத்திலேயே நின்றது.