பெரியம்மா வீட்டுப் பிள்ளை

அறைக்கதவைச் சாத்தினால்தான் அந்தச் சட்டை கண்ணில் படும். கதவின் பின்புறம் அடித்திருந்த ஆணியில், மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் போடும் வெள்ளைச் சட்டை. கிட்டப் போய் மணந்து பார்த்தேன். ஒரு தடவைகூடத் தோய்க்காத புதுத் துணியின் கஞ்சி மணம். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் கலியாணமே செய்யவில்லை. அப்படியானால் இது யாருடைய சட்டை? எட்டு வயதில் எனக்குக் கிடைத்த விடை மிகவும் நேரானது. இந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். எங்களுக்குக் காட்டாமல் அவளை எங்கேயோ வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முந்திய வருடம்தான் நாங்கள் கண்டியில் இருந்த வீட்டை இனக்கலவரத்தில் இழந்து, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியிருந்தோம். அப்பா கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் வீட்டில் இரண்டு அறைகளில் இருந்தோம். அந்த நாட்களில் அப்பாவுக்கு அடிக்கடி வெளிநாட்டுக் கடிதங்கள் வந்தன. சாம்பியா என்ற சொல்லைப் பெரியவர்கள் தணிந்த குரலில் சொல்வார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அது ஒரு ஊரின் பெயரா, ஆளின் பெயரா, காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தத்தின் பெயரா என்று கண்டுபிடிக்க முடியாமல் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சிநேகிதரின் பழைய ஏ-ஃபோர்ட்டி காரை இரவல் வாங்கிக்கொண்டு அப்பா எங்களைத் தீவுப் பக்கம் கூட்டிப் போனார். நயினாதீவுக்குப் படகில் போய் அம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, வரும் வழியில் ஊர்காவற்றுறையில் பெரியம்மாவைப் பார்ப்பது என்று சொல்லியிருந்தார்கள். அன்று நடந்தவை ஒன்றும் வழக்கமானவையாக இல்லை. தம்பிக்கு ஐந்து வயது. காரில் அவனுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்பதால் முன் இருக்கை எப்போதும் அம்மாவுக்கும் அவனுக்கும்தான். அன்று என்னை முன்னால் இருக்கச் சொன்னார்கள். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். கடலில் நட்ட தடிகளில் வலை கட்டியிருந்தது. ஒவ்வொரு தடியிலும் ஒரு பறவை. ஒரு தடியில் ஏன் இரண்டு பறவைகள் இருப்பதில்லை என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் "சும்மா இரு" என்று சொல்லியிருப்பார் அம்மா. அன்று யோசித்து மறுமொழி சொன்னார். அடுத்ததற்கும் சொன்னார். டிக்கியில் ஏன் என்னுடைய சின்னச் சூட்கேஸ் இருக்கிறது, தம்பியுடையது ஏன் இல்லை என்று கேட்டபோது மட்டும், "உடுப்பு நனைஞ்சால் மாத்திறதுக்கு" என்றார். தம்பியின் உடுப்பு நனையாதா என்று நான் கேட்கவில்லை. அதற்குள் மண்கும்பான் வந்துவிட்டது.

அங்கே கடற்கரையில் இறங்கிச் சாப்பிட்டோம். வாழையிலையில் கட்டிய புட்டு, பொரித்த மீன், சம்பல். அம்மா தான் சாப்பிடாமல் எனக்கு ஊட்டிவிட்டார். ஊட்டுகிற வயதை நான் எப்போதோ கடந்திருந்தேன். தம்பி பொறாமையில் அழுதான். அப்பா தண்ணீர் ஓரத்தில் தனியே நின்றார். பிறகு காரில் ஏறி வேலணை தாண்டியதும், படகுத்துறைக்குப் போகிற பாதையில் திரும்பாமல் அப்பா மற்றப் பக்கம் திருப்பினார்.

"நயினாதீவு அங்காலையெல்லோ?"

"முதலிலை பெரியம்மா வீடு," என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

போன வருடம் என்னுடைய பிள்ளைகள் இருவரையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு அதே வீதியால் போனேன். இப்போது அது வழுவழுப்பான பாதை. எங்கள் ஏ-ஃபோர்ட்டி இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்த தூரத்தை, பிள்ளைகள் ஒரு விளையாட்டு ஆடி முடிப்பதற்குள் கடந்துவிட்டோம். பெரியம்மா இப்போது உயிரோடு இல்லை. வீட்டின் இரண்டு சுவர்கள் நிற்கின்றன. நடுவில் ஒரு பூவரசு வளர்ந்திருக்கிறது. இந்த இடத்தைக் காட்ட ஏன் கூட்டி வந்தீர்கள் என்று மகள் என்னைக் கேட்டாள். "நான் இருக்கப் போன வீடு இது" என்றேன். "பிறகு ஏன் இருக்கவில்லை?" என்றாள் அவள். அந்தக் கேள்வியோடு நானும் பத்து வருடம் திரிந்தவள்தான்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் ஒரே அக்கா, ஒரு சின்னத் தபால் கந்தோரை நடத்தி வந்தார். முன்னறை கந்தோர், பின்பக்கம் வீடு. மெலிந்த, நெட்டையான மனுசி. சின்னப்பிள்ளைகள் எல்லோரையும் "நீ" என்று சொல்லும் ஊரில், என்னை "நீர்" என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். அன்று வாசலில் நின்று என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "வளந்திட்டீர்" என்றார். அதில் ஏதோ பிழையான கணக்கைக் கண்டுபிடித்தது போன்ற கவலை இருந்தது. சட்டை கட்டையாகப் போயிருக்குமோ என்ற கவலை அது என்பது இப்போது விளங்குகிறது.

பெரியவர்கள் குசினி அடுப்படியில் கதைத்துக்கொண்டிருக்க, நானும் தம்பியும் அந்தப் பிள்ளையைத் தேடத் தொடங்கினோம். சட்டையைத் தவிர வேறு தடயங்களும் அகப்பட்டன. அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று சின்னது. அதில் உறை கசங்காத தலையணை. மேசையில் புதுக் கொப்பிகள் ஆறு, மண்ணிறக் கடதாசியால் உறை போட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளை ஒட்டுத்துண்டு ஒட்டி. பெயர் மட்டும் எழுதவில்லை. கிணற்றடியில் ஒரு குவளைக்குள் இரண்டு பற்தூரிகைகள். ஒன்று சிவப்பு, சின்னது, நனையாதது. பல் விளக்காத பிள்ளை என்று முடிவு செய்தோம். கட்டிலின் கீழ், அலுமாரிக்குள், விறகு அடுக்கியிருந்த கொட்டிலுக்குள் எல்லாம் பார்த்தோம். "வாங்கோ, நாங்கள் ஒண்டும் செய்யமாட்டம்!" என்று தம்பி கிணற்றுக்குள் எட்டிக் கத்தினான். அவள் வெட்கக்காரி, அல்லது பயந்தவள். பெரியம்மா எங்களுக்குத் தந்த பனங்காய்ப் பணியாரத்தில் ஆளுக்குப் பாதி மிச்சம் பிடித்து, அவள் வந்தால் எடுத்துச் சாப்பிடட்டும் என்று அறை யன்னலில் வைத்தோம். வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே ஒளித்திருந்தோம்.

வந்தது பெரியம்மா.

"யன்னலிலை பணியாரம் வைச்சது ஆர்? எறும்பெல்லோ ஏறும்."

"அந்தப் பிள்ளைக்கு வைச்சனாங்கள்," என்றேன்.

"எந்தப் பிள்ளைக்கு?"

"சட்டைக்காரப் பிள்ளைக்கு. அவ எங்கை, பெரியம்மா?"

பெரியம்மா சட்டையைப் பார்த்தார். பிறகு என்னை. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். அங்கேயிருந்தபடியே, குரலை உயர்த்தாமல் அம்மாவைக் கூப்பிட்டார்.

"நீ இவளுக்குச் சொல்லேல்லையோ?"

அம்மா வாசற்படியில் நின்றார். "சொல்ல வாய் வரேல்லை அக்கா. இஞ்சை வந்து சொல்லுவமெண்டு..."

"சொல்லாமல் விட்டிட்டுப் போகவோ வந்தனீங்கள்?"

பெரியம்மா எழும்பி என் கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கந்தோர் பூட்டியிருந்தது. முத்திரை விற்கிற மேசைக்குப் பின்னால், தன்னுடைய கதிரையில் என்னை இருத்தினார். அம்மாவும் அப்பாவும் கம்பி வலைக்கு அங்கால், கடிதம் போட வந்தவர்களைப் போல நின்றார்கள். பெரியம்மா ஒரு உள்நாட்டுக் கடித உறையை எடுத்து அதன் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் கீறினார். ஒன்று இலங்கை, ஒன்று சாம்பியா. அப்போதுதான் அது ஒரு நாடு என்று எனக்குத் தெரியவந்தது. அப்பாவுக்கு அங்கே வேலை. பள்ளிக்கூடம் பட்டினத்திலிருந்து எட்டத்தில், காடு சூழ்ந்த இடத்தில். என்னுடைய வகுப்புக்கு ஏற்ற படிப்பு அங்கே உண்டோ என்று தெரியாது. பெண்பிள்ளையை அப்படியான இடத்துக்குக் கொண்டுபோகாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே அம்மா, அப்பா, தம்பி மூவரும் முதலில் போவார்கள். நான் இங்கே நின்று படிப்பேன். இரண்டு வருடத்தில் கூப்பிடுவார்கள்.

"நிக்கிறீரோ?" என்று கேட்டார்.

நான் அழவில்லை. அதை நினைத்தால் எனக்கே இன்றும் வியப்பு. சாம்பியாவில் கடல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அங்கேயிருந்து கடிதம் வர எத்தனை நாள்? மூன்று கிழமை. அந்தக் கடிதம் இந்தக் கந்தோருக்குத்தான் வருமா? ஓம். நானே பையைத் திறந்து எடுக்கலாமா? எடுக்கலாம். சின்னக் கட்டில் என்னுடையதா? ஓம். அப்படியானால் அந்தப் பிள்ளை நான்தானா? "ஓம், நீர்தான்." எல்லாவற்றுக்கும் அவர் ஒரு பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல் பதில் சொன்னார். பிறகு நான் கேட்டேன்:

"தம்பிக்கு அஞ்சு வயசுதானே. அவனுக்கு என்னை மறந்துபோனால் என்ன செய்யிறது?"

பெரியம்மா பேனையை மூடினார். எழும்பி, கம்பி வலைக்கு அங்கால் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. என்னாலை வைச்சிருக்க ஏலாது. இவள் சரியான கேள்விக்காரி."

அப்பாவின் முகம் கறுத்தது. "அக்கா, நீங்கள் ஓமெண்டு எழுதின பிறகுதானே வந்தனாங்கள். பள்ளிக்கூடத்திலையும் சொல்லிப்போட்டம். இனி நான் ஆரிட்டைப் போறது?"

"ஓமெண்டு எழுதினனான்தான். இப்ப ஏலாதெண்டு சொல்லுறன். நாலு பேருமாய்ப் போங்கோ. காடெண்டாலும் போங்கோ."

அம்மா விம்மி அழுதார். பெரியம்மாவும் என்னை வேண்டாம் என்றதால் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் சாயுமுன் புறப்பட்டோம். பெரியம்மா வாசலுக்கு வரவில்லை. நயினாதீவுக்கும் போகவில்லை. திரும்பி வரும்போது அம்மா பின் இருக்கையில் என்னைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். தம்பி முன்னால் இருந்தான், அவனுக்குச் சத்தி வரவுமில்லை. பண்ணைக் கடலில் பறவைகள் தடிகளில் அப்படியே இருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் நாலு பேருமாய்த்தான் சாம்பியாவுக்குப் போனோம். அப்பா பயந்த அளவுக்கு அங்கே காடும் இல்லை, படிப்புக்குக் குறைவும் இல்லை. ஆனால் எனக்குள் ஒன்று மாறிவிட்டிருந்தது. கேள்வி கேட்டால் ஆட்கள் வைத்திருக்கமாட்டார்கள் என்று நான் படித்துவைத்திருந்தேன். வகுப்பில் கை உயர்த்தப் போய் இறக்கிவிடுவேன். ஆசிரியை ஒருவர் அம்மாவிடம், உங்கள் மகள் கெட்டிக்காரி, ஆனால் வாய் திறப்பதில்லை என்று முறையிட்டார். "இவளோ?" என்று அம்மா நம்பாமல் கேட்டார். பெரியம்மா ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் வாழ்த்து அனுப்புவார். நான் பதில் எழுதுவதில்லை.

பத்து வருடங்களுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் கிடைத்த விடுமுறையில் நான் தனியாகக் கொழும்புக்கு வந்தேன். பெரியம்மா அங்கே ஒரு தெரிந்த குடும்பத்தோடு தங்கியிருந்தார். சண்டை மூண்டு தீவுப்பகுதிச் சனம் வீடுவாசலை விட்டு ஓடியபோது அவரும் ஓடி, யாழ்ப்பாணத்தில் மூன்று வீடு மாறி, கண்ணில் சத்திரசிகிச்சை செய்யவென்று எப்படியோ கொழும்பு வந்து சேர்ந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்து, "வளந்திட்டீர்" என்றார். அன்றைக்கு அழுத்தி வைத்த ஒன்று எனக்குள் கிளம்பிவிட்டது. தேத்தண்ணீர் வைத்துத் தந்துவிட்டு அவர் கதிரையில் இருப்பதற்கு முன்பே கேட்டேன்.

"பெரியம்மா, நான் கேள்வி கேட்டதெண்டோ என்னை வேண்டாமெண்டனீங்கள்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பிடியோ விளங்கினனீர்?" என்றார்.

பிறகு சொன்னார். அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவர்களுடைய அப்பாவுக்கு மலைநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. கைக்குழந்தையான என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போக, பெரியம்மாவை நெடுந்தீவில் தாய்மாமன் வீட்டில் படிப்புக்கென்று விட்டார்கள். இரண்டு வருடம் என்றார்கள். ஐந்து வருடம் ஆனது. திரும்பிக் கூட்டிப்போய் வீட்டு வாசலில் இறக்கியபோது, என் அம்மா ஓடிவந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இவ ஆர்?" என்று கேட்டாராம். அம்மாவுக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கவும் நியாயமில்லை.

"உம்மை எனக்குத் தாங்கோ எண்டு கேட்டதே நான்தான். உம்முடைய அம்மா கேக்கேல்லை," என்றார். "சட்டை தைச்சு, கட்டில் வாங்கி, அந்த மாசம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை, அவ்வளவு சந்தோசம். நீர் தம்பியைப் பற்றிக் கேட்டவுடனை, நான் என்ன செய்யப் பாத்தனானெண்டு விளங்கிச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் உம்மை விடமாட்டனெண்டு தெரியும். அதுதான் டக்கெண்டு சொன்னது. வாயிலை வந்த ஒரு பொய்ச்சாட்டுச் சொல்லிப்போட்டன்."

வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் எதையோ கேட்கலாமா என்று யோசிப்பதுபோல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெடுந்தீவிலை மாமிக்கு நாலு பிள்ளையள். என்ரை தலையைச் சீப்பாலை இழுத்துவிட அவவுக்கு நேரமில்லை," என்றார். "சாம்பியாவிலை உமக்கு ஆர் தலை இழுத்துவிட்டது?"

"அம்மாதான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும். போதும் விடுங்கோ எண்டாலும் விடமாட்டா."

எத்தனை பின்னல் என்று கேட்டார். இரண்டு என்றேன். எண்ணெய்க்கு என்ன செய்தோம், பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போனோம், தம்பியும் நானும் சண்டை பிடிப்போமா, அவன் என்னை எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்டார். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று விளக்கு வைக்கும் வரை கேள்வி கேட்டவர் அவர்தான். எனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.