மீன்காரம்மா அடித்த அடி

என் மேசை இழுப்பறையில் பல வருடங்களாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கிளிப் கிடந்தது. பாண்டி பஜார் நடைபாதையில் அட்டையில் குத்தி விற்பார்களே, அந்தப் பட்டாம்பூச்சி வகை. ஒரு பக்கம் பல் ஒடிந்து, ஸ்பிரிங் தளர்ந்து, எந்த முடியையும் பிடிக்க லாயக்கற்றது. அது என்னிடம் வந்து சேர்ந்த விதம் மட்டும் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. அதிகாரிகள் உட்கார்ந்திருந்த ஒரு கூடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், ஒரு தாய் தன் மகளை அடித்தார். பிள்ளையைக் கண்டிக்கிற அடி இல்லை அது. மீன் கூடை தூக்கித் தூக்கி உரமேறிய கை முழு வீச்சில் போய் கன்னத்தையும் காதையும் சேர்த்துப் பிடித்தது. சிறுமி நாற்காலியோடு சாய்ந்தாள். தலையிலிருந்த கிளிப் பறந்து வந்து என் செருப்பில் பட்டு நின்றது. குனிந்து எடுத்தேன். அடுத்து நடந்த களேபரத்தில் அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது எனக்கு அது முதல் வேலை. தி.நகரில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கிக்கொண்டு, இல்லங்களில் வளரும் குழந்தைகளையும் அவர்களை அங்கே விட்டிருக்கும் குடும்பங்களையும் பற்றிய ஓர் ஆய்வுக்காக ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். பெற்றவர்கள் உயிரோடிருக்கும்போது பிள்ளைகள் ஏன் இல்லத்தில் வளர்கிறார்கள், அவர்களைத் திரும்ப வீட்டுக்கு அனுப்ப என்ன வழி என்பதுதான் கேள்வி. குழந்தைக்குக் குடும்பத்தைவிட நல்ல இடம் கிடையாது என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் குடும்பம் என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இனி தீரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

மீன்காரம்மாவை நான் பார்த்தது அபிராமபுரத்தில், ஒரு பழைய மாடி வீட்டில் நடந்துவந்த பெண் குழந்தைகள் இல்லத்தில். பட்டினப்பாக்கத்துக்காரர், கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்பவர். பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற தாய்மார்கள் பிஸ்கட்டும் பூவும் கொண்டுவருவார்கள். இவர் டிபன் டப்பாவில் வறுத்த சங்கரா மீன் கொண்டுவருவார். மகளுக்குப் பதின்மூன்று வயது; ஆனாலும் முள்ளை எடுத்துவிட்டு வாயில் ஊட்டினால்தான் அவருக்குத் திருப்தி. மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே வாயைத் திறப்பாள். தாயின் இடது ஆள்காட்டி விரலில் பாதியைக் காணோம். கேட்டால், மீன் வெட்டும்போது போய்விட்டது என்பார். மகளின் தோளிலிருந்து முதுகுவரை தோல் சுருங்கி, பளபளவென்று ஒரு தழும்பு. அதைக் கேட்டால் குழம்புச் சட்டி கவிழ்ந்தது என்பார். வீட்டில் வறுமை, அதனால் பிள்ளையை இல்லத்தில் விட்டிருக்கிறேன் என்பதுதான் அவர் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்த காரணம்.

அந்த வருடம், தாயும் தகப்பனும் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இவளுடைய முறையும் வந்தது. முடிவு செய்ய வேண்டிய குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. புருஷனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டுதான் விசாரிப்பார்கள். குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறதா என்று அப்படித்தான் தெரியுமாம். ஆய்வுக்காக என்னையும் ஓர் ஓரமாக உட்கார அனுமதித்திருந்தார்கள். அவளுடைய தகப்பனை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். மழமழவென்று சவரம் செய்த முகம், வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத குரல். புள்ள இல்லாம வூடே வெறிச்சுனு கீது சார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழுவிலிருந்தவர்களுக்கு உருகிவிட்டது. அவனை மரியாதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

நீ என்னம்மா சொல்றே என்று தாயைக் கேட்டார்கள். அவன் திரும்பி, சிரித்த முகத்தோடு, அவர் தோளில் கையை வைத்தான். அந்தத் தோள் ஓடுக்குள் போகிற நத்தை மாதிரி சுருங்கியதை நான் பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை. அடுத்து மகளைக் கேட்டார்கள். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, போறேன் என்றாள். அந்த வார்த்தை முடிவதற்குள் மீன்காரம்மா எழுந்துவிட்டார். முதல் அடியில் கிளிப் பறந்தது. கீழே விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார், காலால் எத்தினார். வூட்டுப் பக்கம் வந்தே, உன்னை அருவாமனையில வெச்சு அறுத்துடுவேன்டி என்று கத்தினார். இல்லத்தில் வேலை செய்த பெண்கள் இருவர் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தும் கை வீசிக்கொண்டே இருந்தது. மேசையிலிருந்த தேநீர் கவிழ்ந்து காகிதங்களெல்லாம் நனைந்தன. சிறுமியின் இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கி, பாவாடை தாவணியின் ஓரத்தை எட்டியது. அவள் அழவில்லை. யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் கொடூரமானவள், பிள்ளை படிப்பு முடியும்வரை இல்லத்திலேயே இருக்கட்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. தகப்பன் முகத்திலிருந்த சிரிப்பைக் காணோம். மனைவியின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

சில நாள் கழித்து அவரைத் தேடிக்கொண்டு போனேன். நியாயம் கேட்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில், பிளாஸ்டிக் ஷீட் நிழலில் உட்கார்ந்து வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண் முழுக்க மூடிப்போய், கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. அதிகாரிங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டேன்னு போட்டான் என்று அவராகவே சொன்னார். எடைபோடக் கொடுத்த மீனின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். கை நிற்கவில்லை, ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தது.

அன்று அவர் சொன்னவற்றின் சுருக்கம் இதுதான். கொதிக்கும் குழம்பை அவன் வீசியது மனைவிமேல். குறுக்கே வந்து வாங்கிக்கொண்டது மகள். அதற்கு முன்பே ஒருமுறை போலீசுக்குப் போயிருக்கிறார். அவர்கள் இரண்டு பேருக்கும் புத்தி சொல்லிச் சேர்த்து அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்குப் போனதும் விரல் போனது. அதற்குமேல் எந்த அதிகாரியிடமும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து, வறுமை என்று பொய் சொல்லி மகளை இல்லத்தில் கொண்டு விட்டார். இப்போது அவன் அவளைத் திரும்பக் கேட்பது பாசத்தினால் அல்ல. மகள் கையில் இருந்தால் மனைவி எங்கும் போக மாட்டாள், எதையும் பேச மாட்டாள். அதுதான் அவன் கணக்கு.

"வூட்டுக்கு இட்டுக்கினு போனா அவன் கையால செத்துடும் மேடம்," என்றார். "நான் அடிச்சா காயத்தோட போவும்."

அதை மகளிடமாவது சொல்லலாமே என்றேன். வெட்டுவதை அப்போதுதான் நிறுத்தினார்.

"சொல்லிடாதம்மா. தெரிஞ்சா அவ ஓடியாந்துடுவா. வந்து எனக்கு முன்னால நிப்பா. அவன் இருக்கற வரிக்கும் அவ என்னை வெறுத்துக்கினே இருக்கட்டும்."

வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அம்மாவைப் பார்க்க இறங்கி வரவில்லை. மீன்காரம்மா டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு எதிர் நடைபாதையில் மரத்தடியில் நிற்பார். டப்பா திறக்காமலே திரும்பி வரும். அதை வாங்கிக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் நடந்து போவார். எனக்கு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். அவள் எனக்குப் பெஞ்சில் இடம்விட்டு உட்காருவாள், ஆய்வு மேடம் என்று சிரிப்பாள். பேச்சில் அம்மா என்ற சொல் வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். ஆய்வு முடிந்தது, அறிக்கை எழுதினோம். அந்த அறிக்கையில் மீன்காரம்மா, வன்முறை குணமுள்ள தாய்மார்கள் என்ற தலைப்பின் கீழ் அடங்கிப்போனார். வாக்கை மீறாமல் அவரை அங்கிருந்து எடுக்க வழி இல்லை.

இப்போது அடையாறில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறேன். பெண்ணைத் தனியாக வைத்துக் கேளுங்கள், புருஷன் பக்கத்தில் இருந்தால் கேட்காதீர்கள் என்று வருடா வருடம் தொண்டை வறளச் சொல்கிறேன். போன மாதம் ஓர் அழைப்பு வந்தது. அவள்தான். நர்ஸ் வேலையில் இருக்கிறாளாம். அப்பா குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்துப்போனான், அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறது, வாருங்கள் என்றாள். கிளிப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆதம்பாக்கத்துக்குப் போனேன். இனி சொல்லலாம், வாக்கு முடிந்துவிட்டது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன்.

அவளுக்கு அது தேவைப்படவில்லை. மீன்காரம்மா சமையற்கட்டில் இருந்தார். கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து அவளே ஆரம்பித்தாள். "எங்க வார்டுக்குத் தெனம் வராங்க மேடம். கொழம்பு கொட்டிக்கிச்சு, படியில வழுக்கிட்டேன்னு. புருஷன் பக்கத்துலயே நிப்பான். ஒருநாள் ஒரு அம்மாவுக்குக் கட்டுப் போட்டுக்கினே இருக்கசொல்ல எனக்குப் புரிஞ்சுபோச்சு." அன்றைக்கே டியூட்டி முடிந்து நேராகச் சாலையோரத்துக்குப் போயிருக்கிறாள். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாராம். நல்லதாகப் போயிற்று என்று நான் ஏதோ சொன்னேன். "காரணம் புரிஞ்சுது. காது வரலியே மேடம்," என்றாள். இடது காது கேட்பது அன்றோடு நின்றுபோயிருந்தது. அவளுக்கு அம்மாமேல் கோபமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கிளிப்பை எடுத்து அவள் எதிரே டீப்பாயில் வைத்தேன். அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தேநீரோடு வந்த மீன்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளர்களை வைத்துவிட்டு, அதை எடுத்து முந்தானையில் துடைத்தார். குழு கூடிய அன்று காலையில் இல்லத்துக்கு வந்து தலைவாரி அதைக் குத்திவிட்டவர் அவர்தானே. மகளின் இடப்பக்கம் நின்றுகொண்டு, அவள் தலையில் வைத்துப் பார்க்கக் கையைத் தூக்கினார். அந்தப் பக்கம் ஆள் வந்ததே அவளுக்குக் கேட்டிருக்காது. ஓங்கிய கை மட்டும்தான் கடைக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அந்த வளர்ந்த பெண் நாற்காலியோடு ஒடுங்கிப்போனாள். மீன்காரம்மாவின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

பிறகு அவள் மெதுவாகக் கைகளை இறக்கினாள். திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. அப்படியே தலையை மட்டும் அவர் பக்கமாகச் சாய்த்து, "வை," என்றாள். மீன்காரம்மா கிளிப்பைச் செத்துப்போன அந்தக் காதுக்கு மேலே குத்தினார். பல் ஒடிந்த கிளிப், நிற்கவில்லை, வழுக்கியது. மறுபடி குத்தினார், மறுபடி வழுக்கியது. கடைசியில் அதைப் பாதி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.