ஸ்பேஸ் பாரில் டென்னிஸ்

போன வாரம், இப்போது நான் இருக்கும் டாலிகஞ்சில் ஒரு கடையில் மகளுக்காக டென்னிஸ் பந்து டப்பா வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தப் புது ரப்பர் வாசனைக்கு உங்களுக்கென்றால் மைதானம் ஞாபகம் வரும். எனக்கு வந்தது கம்ப்யூட்டர் அறை.

பல வருடங்களுக்கு முன் நான் கடல் நடுவே ஒரு தீவில், மின்னி பே பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சர். மெயின்லேண்டிலிருந்து எட்டு மட்டைகளும், சில டப்பா பந்துகளும், கணினி வழியே டென்னிஸ் கற்பிக்கும் ஒரு சிடியும் வந்து இறங்கின. கோர்ட் மட்டும் வரவில்லை. லீவில் ஊருக்குப் போன பி.டி. மாஸ்டரும் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

“கம்ப்யூட்டர் ஹை நா? இருக்குல்ல? நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க மேடம். அடுத்த மாசம் மேட்ச். நல்லா போச்சுன்னா உங்க எக்ஸ்டென்ஷனுக்கு எழுதறேன்.”

நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே அதை அலமாரியில் வைத்துப் பூட்டத்தான். பந்துகளையும் சேர்த்துப் பூட்டினேன். தொலைந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்! அறை முழுக்க அந்த ரப்பர் வாசனை.

சிடி என்னைவிடப் பொறுமைசாலி. திரையில் பந்து பாதி வழி வந்து நிற்கும். எந்தப் பிடி, கால் எங்கே என்று கேட்கும். நிதானமாக யோசித்து, விடை சொல்லி, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பந்து பறக்கும். கைதட்டல்கூடக் கேட்கும். ஒன்பதாம் வகுப்பு ஷாஹினுக்கு எப்போதும் நூறு மார்க். அவள் அப்பா, ஹார்டுவேர் கடை காதர் பாய், மகளை விளையாட அனுப்பாதவர். கம்ப்யூட்டர் வகுப்பு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். நானும் திருத்தப் போகவில்லை.

மேட்ச் வேறொரு பள்ளியின் கோர்ட்டில். ஷாஹின் பிசகில்லாத பிடியோடு நின்றாள். முதல் பந்து வந்தது, பார்த்தாள், போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. பந்து நிற்குமென்று காத்திருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வேலியோரம் சிரித்தார்கள். கண் கலங்க அவள் என்னைத் தேடினாள். நான் ஸ்கோர் தாளைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். இன்றும் கூசுகிறது.

பின்னாலிருந்து காதர் பாயின் குரல். யாரோ சொல்லி, கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

“ஏ புள்ள, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடு! பாகோ!”

அவள் ஓடினாள். பிடியாவது காலாவது! துடைப்பம் வீசுவதுபோல் ஒரு வீச்சு. பந்து வலையைத் தாண்டி விழுந்தது. அந்த ஒரே பாயிண்டோடு தோற்றோம்.

“கம்ப்யூட்டர் கிளாஸுன்னுதானே மேடம் சொன்னீக?”

“கம்ப்யூட்டர்தான் பாய்.”

“அப்ப அத அணைச்சுட்டுப் புள்ளைகள வெளிய விடுங்க.”

அறிக்கையில் கணினிப் பயிற்சி மாபெரும் வெற்றி என்று எழுதினேன். எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. மேட்சுக்கு மறுநாளிலிருந்தே பிள்ளைகள் எங்கள் பள்ளி மைதானத்தில் வலைக்குப் பதில் கயிறு கட்டி ஆடினார்கள். ஷாஹின்தான் முதல் ஆள்.

அந்த மைதானத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது. காதர் பாய் கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குப் போனார். கப்பல் ஏறும் ஜெட்டியில் ஷாஹின், “மிஸ், அங்க நெஜக் கோர்ட்டே இருக்காம்” என்றாள். அங்கே ஆடினாளா, தெரியாது. அவர்கள் ஏறிப்போன கப்பலைக்கூடப் பழசாகிவிட்டதென்று உடைத்துவிட்டார்களாம்.