மலையேறிய மீசை

என் கணவரின் மீசைக்கு எங்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஆசை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி அவர் ஓய்வு பெறும்வரை கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், தூங்கும்போது கத்தரிக்கோலோடு நெருங்கியும் பார்த்தேன். மனிதருக்குத் தூக்கத்திலும் ஒரு கை மீசைமேல்தான் இருக்கும். அதனால் அந்த மீசை அவர் வாயாலேயே மாட்டிக்கொண்டபோது, நான் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

நடந்தது இதுதான். சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் மகள் எங்களை அங்கே வரச் சொல்லியிருந்தாள். வீட்டுப் பக்கத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் கணவாய்ச் சாலை இருக்கிறது, ஜனங்கள் அதில் சைக்கிளில் ஏறுகிறார்கள் என்று போனில் சொல்லித் தொலைத்தாள். இவர் நேரே ராயபுரம் டீக்கடைக்குப் போய், "மலை இன்னா மலை? நம்ம எர்ணாவூர் பாலத்த ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா அதான் மலை," என்று சகாக்களிடம் அளந்திருக்கிறார். ஓர் இடத்தில்கூடக் காலைக் கீழே ஊன்றாமல் உச்சிவரை ஏறுவேன், ஊன்றினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவாலும் விட்டிருக்கிறார். பழைய தோஸ்து ஒருவர் அதைப் போனில் படம்பிடித்தே வைத்துக்கொண்டார்.

மறுநாளே பயிற்சி ஆரம்பம். விடிந்ததும் இவர் சைக்கிளில் எர்ணாவூர் மேம்பாலம் ஏறுவார். பின்னால் நான் ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலோடு போவேன். கன்டெய்னர் லாரிகள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, உயிர் பயத்தில் பறப்பார். அதைத் தன் கால் பலம் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தால், அந்த மலைச் சாலையிலோ ஈ காக்கை இல்லை. இவர் வாடகை சைக்கிளில். கேரியர் இல்லாததைச் சைக்கிள் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி வாங்கியது. நான் மகளின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில். அந்த அமைதியில் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது, அதுதான் சிக்கல். ஒவ்வொரு வளைவிலும் இதோ பாலம் முடிந்து இறக்கம் வந்துவிடும் என்று தம் கட்டி மிதித்தார். வளைவு தாண்டினால் இன்னும் செங்குத்தாக ஓர் ஏற்றம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏமே, ஹாரன் அடி," என்றார். அடித்தேன். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. சைக்கிள் அதே வேகத்தில்தான் போனது.

வழியில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், சைக்கிளின் இரண்டு பக்கமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மீன்பாடி வண்டியோ பெட்ரோல் தீர்ந்த பைக்கோ பாலம் ஏற முடியாமல் திணறினால், பின்னால் வருகிறவர் தன் வண்டியில் இருந்தபடியே இடது காலை நீட்டி, அதை உந்திக்கொண்டே மேலே கொண்டுபோய் விடுவார். கேட்க வேண்டியதில்லை, பேசக்கூட வேண்டியதில்லை. நானும் அந்தப் பழக்கத்தில் பெரியவரின் கேரியரில் காலை வைத்து ஓர் உந்து உந்தினேன். மனிதர் பதறி இறங்கி, கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ கத்தினார். மொழி தெரியாதது எவ்வளவு வசதி. நன்றி சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டு நானும் கையாட்டிவிட்டு வந்தேன்.

இவருக்குச் சிரிக்கக்கூட மூச்சில்லை. "அந்தக் கால எம் பக்கம் நீட்டிடாத," என்று மட்டும் சொன்னார்.

"நான் ஏன் நீட்டறேன்? எனக்கு அந்த மீசை போவணும்," என்றேன்.

கடைசி வளைவு வந்தது. உச்சியில் கணவாயின் பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேதான் சைக்கிள் நெளிய ஆரம்பித்தது. அவருடைய வலது கால் பெடலைவிட்டு விலகித் தரையைத் தேடியது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். முப்பது வருஷ ஆசை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்போதுதான் பக்கவாட்டில் அவர் முகத்தைப் பார்த்தேன். கிரேனைவிட்டுக் கடைசியாக இறங்கிய அன்று, இனிமேல் தன்னால் எதையும் தூக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்த அதே முகம். எனக்குத் தாங்கவில்லை. என்னைக் கேட்காமலே என் இடது கால் நீண்டு அவர் கேரியரில் போய் உட்கார்ந்தது.

அவர் திரும்பவில்லை. பெடலுக்குக் காலைத் திரும்பக் கொண்டுவந்து மிதித்தார், நான் உந்தினேன். பலகைக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்துப் படம் எடுத்து டீக்கடைக்கு அனுப்பினோம். அங்கிருந்து பதிலுக்குப் பாராட்டாகக் கொட்டியது. மீசையை முறுக்கி ஒரு படம் எடுக்கச் சொன்னேன். குளிருகிறது, கீழே போகலாம் என்றார்.

மறுநாள் காலை மகள் வீட்டு அடுப்பில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, குளியலறையிலிருந்து வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். மீசை இல்லை. அந்த இடம் மட்டும் வெளுத்து, வெயிலே படாத சின்னப் பையன் உதடாக இருந்தது.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற? நீதான் காலே ஊணலியே."

"ஊணல. ஆனா நீ கால வெச்சித் தள்னியே, அது எனக்குத் தெரியும் இல்ல?"

எவ்வளவு நாள் காத்திருந்தேன் இதைப் பார்க்க. பார்த்தால் அழுகைதான் வந்தது. தோசை கருகுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஊருக்குப் போறதுக்குள்ள வளர்த்துடுய்யா," என்றேன். "இந்த ஆள எனக்குப் பழக்கமே இல்ல."