கேட்காமல் அடைத்த பல்

கோலா கெத்திலில் நான் முதலில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த பல் கிளினிக்கில், சின்னச் சின்னப் போலிப் பற்களை வரிசையாகக் கோத்த ஒரு பட்டை இருந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரு சாயல் வெள்ளை. சொத்தையை அடைக்க வருபவரின் பல்லோடு டாக்டர் அதை ஒட்டிப் பிடித்து நிறம் பார்ப்பார். வெள்ளிக் கலவையா, பல் நிறக் கலவையா என்று கேட்பார். இரண்டின் நல்லது கெட்டதையும் பொறுமையாகச் சொல்வார். எல்லோரிடமும் அல்ல. இது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. பள்ளி ஆசிரியை வந்தால் விளக்கம் நடக்கும். தோட்ட வேலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு ஒருவர் வந்தால் பட்டை இழுப்பறையிலேயே கிடக்கும்; என்னிடம் "சில்வர்" என்று ஒரு சொல் மட்டும் வரும். நானும் எடுத்து நீட்டுவேன்.

அப்படித்தான் ஒருநாள் என் அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. பாடாங் மேஹா பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசைப் பாட்டின் முதல் வரியை எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். வாயை முழுக்கத் திறந்து பாடுவார். சொத்தை மேல்வரிசையில், கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லில். சிரித்தாலே தெரிகிற இடம். டாக்டர் குனிந்து பார்த்தார், மரத்துப்போக ஊசி போட்டார், அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் "சில்வர்" என்றார். டாக்டரும் தமிழர்தான், மொழி தெரியாததால் கேட்காமல் விட்டார் என்று சொல்ல வழியில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், வாயைத் திறந்தபடி படுத்திருந்த சொந்த அத்தைக்கே அந்தக் கலவையை எடுத்து நீட்டினேன்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அத்தை மேலுதட்டை இறக்கிப் பாடினார். குரல் பாதிதான் வெளியே வந்தது. பாட்டுக் குழுவில் யாரோ சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. பூசை முடிந்து என்னை ஓரமாக அழைத்தார்.

"பல்லு கலர்லயே அடைக்கலாமாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும், அத்தை."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் கிளினிக்குக்கே வந்து, மாற்றி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டார். வெள்ளிக் கலவை உறுதியானது, நீண்ட நாள் தாங்கும், தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு அதுவே போதும் என்றார் டாக்டர். நன்றாக இருக்கும் அடைப்பைத் தோண்டினால் நல்ல பல்லிலும் கொஞ்சம் போய்விடும் என்றும் சொன்னார். அது உண்மைதான். அந்த உண்மைதான் எனக்கு இன்றும் ஆத்திரம் மூட்டுகிறது.

அத்தை நிதானமாகச் சொன்னார். "அன்னைக்கே கேட்டிருந்தா ஒரு வார்த்தையோட முடிஞ்சிருக்கும் டாக்டர். இப்ப மாத்தணும்னா என் பல்லையில்ல நான் குடுக்கணும்? விடுங்க. இனிமே யாரு வந்தாலும் கேட்டுட்டுச் செய்ங்க லா."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். அவர் மாறுவார் என்று காத்திருந்தேன். மாறவில்லை. அடுத்து வந்த ரப்பர் பூட்ஸ்காரருக்கு "சில்வர்" என்றபோது, "அவரிடம் கேட்டீர்களா டாக்டர்?" என்று நான் கேட்டேன். அந்த மாதக் கடைசியோடு என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது சுங்கை பட்டாணியில் வேறொரு கிளினிக்கில் இருக்கிறேன். போன வருடம் அத்தைக்குக் கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை. இங்குள்ள இளம் டாக்டர் இரண்டையும் விளக்கினார். அத்தை விடாமல் கேள்வி கேட்டார். எது எத்தனை நாள் தாங்கும், எது விரிசல் விடும், எது கூசும். கடைசியில், "உள்பல்லுதானே, சில்வரே வைங்க" என்றார்.

ஆக, அவர் வாயில் இரண்டு அடைப்பும் ஒரே கலவைதான். கீழே இருப்பதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மேலே இருப்பதை மறைக்க, இன்றும் உதட்டை இறக்கித்தான் பாடுகிறார்.