குடகனாற்றங்கரையில் சிவனம்மாள் உரைத்த மெய்

திண்டுக்கல்லை அடுத்த அகரம் என்னும் ஊரில் கத்தரித் தோட்டம் வைத்துப் பிழைத்த சிவனம்மாள் எழுத்தறியாதவள். ஆயினும் வெள்ளிதோறும் முத்தாலம்மன் திருமுன் நின்று, வேறொன்றும் வேண்டாது, தம்பி சோலைமலையின் பெயரை மட்டும் சொல்லித் தொழுது திரும்புவாள். தாய்தந்தையரை இழந்த அவ்விருவருக்கும் ஒருவருக்கொருவரே துணை.

அந்நாளில் அரசின் மதுவிலக்கால் கள்ளுக்கடைகள் மூடிக்கிடந்தன. கஞ்சாவோ ஒளிந்து வளர்ந்தது. ஆற்றோரத் தென்னந்தோப்பில் கூடிப் புகைத்த இளைஞருள் சோலைமலையும் ஒருவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டில் ஒருநாள் போலீசார் வந்து செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தனர். பயிரிட்டவனைச் சிறைக்கு அனுப்பினர். இளைஞரை எச்சரித்து விடுத்தனர்.

வீடு திரும்பிய தம்பியை அவள் வையவில்லை. "பசிக்குதாய்யா?" என்று கேட்டாள், அவ்வளவே. அதன்பின் பல நாள் அவன் உண்ணாமலும் உறங்காமலும் எரிந்து விழுந்தான். அவன் எந்தப் பக்கம் முகம் திருப்பினானோ அந்தப் பக்கமாகக் கூழ்க் கலயத்தை நகர்த்தி வைத்தாள். விடியலில் காய்க்கூடையை அவன் தலையில் ஏற்றித் திண்டுக்கல் சந்தைக்குத் தன்னோடு நடத்திச் சென்றாள். நடந்தவன் ஒருநாள் அவளை முந்தினான். பின்னொருநாள் ஓடவே தொடங்கினான்.

ஈராண்டு கழிந்து திண்டுக்கல்லில் போலீசுக்கு ஆளெடுத்தபோது அந்தக் கால்களே அவனைக் காத்தன. உயரமும் மார்பளவும் பொருந்தின. ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தான். இனி வேலைக்கான கடிதம் வருவதொன்றே குறை என்று சிவனம்மாள் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருந்தாள். அதற்கு முன்னர் ஊரில் நடத்தை விசாரணை உண்டென்பதை அவள் அறியாள்.

ஒருநாள் முற்பகலில் காவலர் அருள்நாதன் சைக்கிளில் வந்து தோட்டத்து வரப்பில் இறங்கினார்.

"சோலைமலைன்னு ஒருத்தன் இங்க இருக்கானா?"

பக்கத்து வயலில் நீர் பாய்ச்சிய மொக்கைச்சாமி முந்திக்கொண்டான். "அவனா? கொழும்புக்குக் கப்பலேறி மூணு வருசமாச்சே! ஒரு கடுதாசி போட்டானா, நன்றி கெட்ட பய!"

காவலர் சிவனம்மாளை நோக்கினார். காக்கி உடுப்பைக் கண்டதும் தோப்பில் செடிகள் எரிந்த அந்தப் புகை அவள் கண்முன் வந்தது.

"எனக்கு அப்படி ஒரு தம்பியே கிடையாதுய்யா."

அவர் சைக்கிளைத் திருப்பினார்.

"எப்படி அனுப்பிவச்சேன் பாத்தியா?" என்று மொக்கைச்சாமி மீசையைத் தடவினான்.

சற்று நேரத்தில் சோலைமலை ஓட்டப் பயிற்சி முடித்து வியர்வையோடு வந்தான். "அக்கா, விசாரணைக்குப் போலீசு வருவாகளாம். வந்தாகளா?"

சிவனம்மாள் களை கொத்திய கைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். முள்ளும் மேடும் பாராமல் ஓடியவள், குடகனாற்றுப் பாலத்தருகே மருத நிழலில் அவரைக் கண்டாள். சைக்கிள் சாய்ந்திருந்தது, அவர் சாவகாசமாக அமர்ந்திருந்தார்.

"வா தாயி. நான் ஆளத்தான் கேட்டேன். தம்பின்னு நீயாத்தான சொன்ன? எப்படியும் நீ வருவேன்னுதான் செத்த நேரம் உக்காந்திருந்தேன்."

அவள் மூச்சு வாங்கினாள். "பொய் சொல்லிட்டேன்யா. அவன் என் கூடப்பிறந்தவன். இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன். கஞ்சா குடிச்சான். தோப்புல பிடிச்சாக. ரெண்டு வருசமாத் தொடல."

"இத எழுதினா வேலை போனாலும் போகும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும்யா. ஒரு பொய்யச் சொல்லி அவன ஊர்லயே இல்லாம ஆக்கிட்டேன். இன்னொரு பொய்யச் சொல்லி உள்ள அனுப்பினா, அந்த உடுப்பு அவன் மேல நிக்குமா?"

அவர் தாளை எடுத்து எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினார். முன்பு அப்பழக்கம் இருந்தது, விட்டு ஈராண்டாயிற்று, இதைத் தமக்கையே தேடி வந்து உரைத்தார் என்றிருந்தது. மறுநாள் காலை அவன் ஓடுவதை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லிப் போனார்.

நாற்பத்தொரு நாள் சிவனம்மாள் அம்மனுக்கு நோன்பிருந்து ஒருவேளையே உண்டாள். நாற்பத்திரண்டாம் நாள் கடிதம் வந்தது. சோலைமலை அதைப் பிரித்துப் படித்துவிட்டு, அவள் காலடியில் அமர்ந்து, அன்று முள் கிழித்த வடுவை விரலால் தடவினான்.

"எந்திரிய்யா, போலீசுக்காரன் அழுவானா?" என்றவள் தானும் அழுதாள்.

பின்னாளில் காக்கி உடுப்பு எது அகரத்துக்குள் வந்தாலும், மொக்கைச்சாமி வாய்திறக்குமுன் சிவனம்மாள் மோர்ச் செம்போடு எதிரே போய் நிற்பாள்.

"முதல்ல குடிங்கய்யா. யாரத் தேடுறீக, எதுக்குத் தேடுறீகன்னு ரெண்டையும் சொல்லுங்க. பெறகு நான் சொல்றேன்."